நான்காம் கேள்விக்கு எழுதிய பதில்

"மாசி மாதம், இரண்டாம் செவ்வாய். காலை 9.40. நல்ல வெயில். தங்கச்சியுடன் பங்குத்தரகர் கந்தோர், மேல்மாடி. கேள்விகள் எட்டு. கேள்வி 4: இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும்? பதில்: ஒரு அவசரமும் இல்லை, கிடக்கட்டும். பக்கத்துக் கதிரையில் கறுப்புக் குடையோடு ஒரு பெண். 10.05க்கு எழுந்து போனார். கந்தோரில் குடிக்கத் தண்ணீர் இல்லை."

அன்றைக்கு என் கொப்பியில் எழுதியது இவ்வளவுதான். ஆண்டைக் கொப்பியின் அட்டையில் எழுதிவிடுவேன், உள்ளே எழுதுவதில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியின் பதிவறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு வந்த பழக்கம். ஓய்வூதியம் எடுத்த மறுநாளிலிருந்து தினமும் எழுதுகிறேன். வெள்ளத்தைக் கடலுக்கு விட வாவியின் முகத்துவாரம் வெட்டிய நாள், வாவியில் உப்பு ஏறிய நாள், கல்லடியில் மின்சாரம் நின்ற மணிக்கணக்கு எல்லாம் அதில் உண்டு. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுதியதில் பிழை இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கேட்டதைக் கேட்டபடி, பார்த்ததைப் பார்த்தபடி. மேலே உள்ள குறிப்பிலும் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் தங்கச்சியின் நிலைமை. மச்சான் கொழும்பில் ஒரு கொம்பனியில் நெடுங்காலம் வேலை செய்தவர். அந்தக் கொம்பனி தன் ஊழியர்களுக்குப் பங்குகள் கொடுத்திருந்தது. அவர் காலமான பிறகு பங்குகளும், சம்பளத்தில் சேர்ந்த சேமலாப நிதியும் தங்கச்சியின் பேருக்கு வந்தன. நிதியையும் அதே கொம்பனிப் பங்கில் போட்டுவிடச் சொன்னார் மச்சானின் ஒரு நண்பர். போட்டாள். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்துக்கு முதல் அவள் பேரில் ஒரு வீடு எழுதப்பட வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தங்கச்சி தான் இருந்த வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் புருசன் பிள்ளைகளோடு அதில் இருக்கிறாள், தங்கச்சிக்கு அங்கே ஒரு அறை. இளையவளுக்கு, வீட்டைச் சுற்றிய வளவின் பின்பாதியில் புதிய வீடு. இளையவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சம்பந்தம் பேசி முடிந்து, ஆவணியில் கலியாணம் என்று நாளும் வைத்தாயிற்று. மாசி மாதத்தில் அந்த வீடு கதவு யன்னல் உயரத்துக்கு, லிண்டல் மட்டம் வரை வந்து நின்றது. மிச்சச் சுவருக்கும் கூரைக்கும் வேண்டிய காசு முழுக்க அந்தப் பங்குகளில் இருந்தது. நேரம் பார்த்து விற்க வேண்டும். அந்த நேரத்தைச் சொல்ல ஒரு மெசின் வந்திருக்கிறது என்றுதான் எங்களைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள்.

தரகர்களின் அலுவலகம், எங்கள் வாயில் கந்தோர், நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது. எங்களுக்கு வாய்த்த அதிகாரி கழுத்துப்பட்டி கட்டி, அந்த வெக்கையிலும் அதைத் தளர்த்தாமல் இருந்தவர். தங்கச்சியின் கைபேசியை வாங்கி அதில் எதையோ இறக்கினார்.

"அன்ரி, இனி நீங்க ஒண்டுக்கும் தலையை உடைக்கத் தேவல்ல. உங்கட பங்கு, கொழும்புச் சந்தை, டொலர், எண்ணெய் விலை, எல்லாத்தையும் இது வாசிக்கும். வாசிச்சுத் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நாலு வரியில தமிழில சொல்லும்."

"எல்லாத்தையும் வாசிக்குமா?" என்றாள் தங்கச்சி.

"எல்லாத்தையும்."

"அப்ப எங்கட மூத்த மருமகனை விடக் கெட்டி. அவர் கரண்ட் பில்லையே வாசிக்கிறல்ல."

அதிகாரி சிரித்துவிட்டு எட்டுக் கேள்விகளைத் திறந்தார். உங்கள் சொந்த வார்த்தைகளிலேயே பதில் எழுதலாம், மெசின் விளங்கிக்கொள்ளும் என்றார். தங்கச்சி கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆகவே நான் கேள்விகளைச் சத்தமாக வாசித்தேன், அவள் பதில் சொன்னாள், நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். நான்காம் கேள்விக்கு அவள் சொன்னது என் கொப்பியில் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி தட்டினேன்.

வீடு ஆவணிக்கு முடிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ படிவங்களைப் பார்த்தவன் நான். 'நோக்கம்', 'காரணம்', 'பிற குறிப்புகள்' என்று யாரும் வாசிக்காத கட்டங்கள் எல்லாப் படிவத்திலும் இருக்கும். காணி உறுதிப் பத்திரத்துக்குப் பிரதி கேட்டு வந்த ஒருவர், நோக்கம் என்ற கட்டத்தில் 'ஆசை' என்று எழுதியிருந்தார். அவருக்கும் பிரதி கிடைத்தது. இந்த நான்காம் கேள்வியையும் அந்த இனத்தில் சேர்த்துவிட்டேன். எட்டுப் பதில்களில் அந்த மெசின் உண்மையாகவே வாசித்தது இந்த ஒன்றை மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

முதலாவது திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் சுருக்கம் வந்தது. தங்கச்சி கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அதைக் கொப்பியில் எழுதினேன். அன்றிலிருந்து எல்லாத் திங்களும் எழுதினேன். ஐந்தாவது கிழமை வந்ததை மட்டும் இங்கே தருகிறேன், மற்றவை இதன் அண்ணன் தம்பிகள்:

"வணக்கம்! இவ்வாரம் சந்தை ஒரு சிறு ஓய்வை எடுத்துக்கொண்டது. உங்கள் தொகுப்பின் மதிப்பில் தற்காலிகச் சரிவு காணப்பட்டாலும், அவசரமற்ற உங்கள் அணுகுமுறைக்கு இது ஒரு பொருட்டல்ல. உங்கள் பொறுமையே உங்கள் பலம்! இது முதலீட்டு ஆலோசனை அல்ல."

சந்தைக்கு என்ன ஓய்வு? அது நெல் வெட்டியதா, கல் சுமந்ததா? மூன்று வரி ஆலோசனை சொல்லிவிட்டு நான்காவது வரியில் இது ஆலோசனை அல்ல என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! வாவிக்கரையில் ஒருவர் கூடையில் மீனை வைத்துக்கொண்டு, விலையையும் சொல்லி, 'ஆனால் இது மீன் இல்லை, பிறகு என்னைக் கேட்கக் கூடாது' என்றால் அவரிடம் யார் வாங்குவார்கள்? இந்த மெசினிடம் ஊரே வாங்குகிறது.

'பொறுமையே பலம்' என்று அது சொன்ன என் தங்கச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு வடிக்க ஐந்து நிமிடம் பிந்தினால் அடுப்போடு சண்டை பிடிப்பவள் அவள். பஸ் வரத் தாமதமானால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்துவிடுவாள், பஸ் அவளைக் கடந்து போகும். அவளுக்குப் பொறுமை இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் இந்த மெசின்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

'தற்காலிக' என்ற சொல்லை நான் எண்ணினேன். பதின்மூன்று சுருக்கங்களில் பதினொன்றில் அது இருந்தது. பங்குனி முழுக்கத் தற்காலிகம், சித்திரை முழுக்கத் தற்காலிகம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு தொடங்கிய கிழமையிலும் தற்காலிகம். முகத்துவாரம் அடைபட்டால் எங்கள் மீனவர்கள் அடைபட்டது என்கிறார்கள். திறந்தால் திறந்தது என்கிறார்கள். இரண்டுக்கும் நாள் சொல்வார்கள். ஒருவராவது 'வாவி ஒரு சிறு ஓய்வை எடுத்துக்கொண்டது' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்கிடையில் பின்வளவில் வேலை நின்றது. சுவர் கட்டுகிற மேசன் கிழமைக்கு ஒரு முறை வந்து பார்ப்பார்.

"இன்னும் ரெண்டு கிழமை பொறுங்க மேசன். மேல வருமாம்."

"எது அக்கா மேல வரும்?"

"பங்கு."

"அது வந்தா வரட்டும். எனக்கு லிண்டலுக்கு மேல செவர் வந்தாக் காணும்."

"மெசின் சொல்லுது, பொறுக்கட்டாம்."

"அந்த மெசினை இஞ்ச அனுப்புங்களன். ரெண்டு கல்லாவது வைக்கட்டும்."

வாங்கி வைத்த சீமெந்துப் பேக் மூன்றும் பொலித்தீனுக்குள் இருந்தபடியே இறுகிப்போயின. அதையும் திகதியோடு எழுதினேன். இன்று அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சீமெந்து இறுகிய நாள் என்னிடம் இருக்கிறது. பங்கு விலை விழுந்த ஒவ்வொரு திங்களும் இருக்கிறது. மெசினின் வசனங்களில் வல்லினம் மிகாமல் விடுபட்ட இடங்களைச் சிவப்புப் பேனையால் திருத்திக்கூட வைத்திருக்கிறேன். 'அவசரமற்ற உங்கள் அணுகுமுறை' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, 'நடை செயற்கை' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் பதின்மூன்று கிழமையும் நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டுரையைத் திருத்துவது போல, என் தங்கச்சியின் வீடு கரைந்துகொண்டிருந்த காகிதத்தை நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

விசயம் வெளிச்சத்துக்கு வந்தது காத்தான்குடியில். அங்கே புடவை வியாபாரம் செய்யும் ஒருவர் எனக்குப் பழைய நண்பர். அவர் காணி அலுவலுக்காகக் கச்சேரிக்கு வந்துபோன காலத்திலிருந்து பழக்கம். பதின்மூன்றாவது சுருக்கம் வந்த மறுநாள் அவருடைய கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, மெசினின் தமிழைப் பற்றி என் வழமையான நக்கலைத் தொடங்கினேன்.

"சேர், அதை நீங்களும் வச்சிரிக்கீங்களா?" என்றார். "தமிழ் கிடக்கட்டும். அது எனக்கு நல்லாத்தான் சொன்ன."

"என்ன சொன்ன?"

அவர் தான் பங்கு வைத்திருந்த கொம்பனியின் பேரைச் சொன்னார். தங்கச்சி வைத்திருந்த அதே கொம்பனி. "எனக்கு ஏழு கிழமைக்கு முதலே சொல்லிப்போட்டுதே, இந்தப் பங்கு உங்கட தேவைக்குப் பொருந்தாது எண்டு. வித்துப்போட்டு அந்தக் காசிலதான் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரக்கு எடுத்த."

"எங்களுக்கு அது பொறுக்கச் சொன்னதே."

"அல்லாஹ்! ஒரே கொம்பனி, ஒரே திங்கக்கிழமை. என்ட மெசினும் உங்கட மெசினும் கோபமா, சேர்?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "எப்ப காசு வேணும் எண்டு ஒரு கேள்வி வந்ததே, அதுக்கு நீங்க என்ன போட்ட? நான் பெருநாளுக்கு முதல் எண்டு போட்டன்."

நான் தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பினேன். எழும்பிய நேரம் கொப்பியில் இல்லை.

வீட்டுக்கு வந்து மாசி மாதப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் போனேன். அவள் பின்வளவில் நின்று, இறுகிப்போன சீமெந்துப் பேக்கை இரும்பு அலவாங்கால் இடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது கேள்விக்கு நீ என்ன சொன்ன? ஞாபகம் இரிக்கா?"

"எந்தக் கேள்வி?"

கொப்பியை வாசித்துக் காட்டினேன். அவள் அலவாங்கைச் சுவரில் சாத்தினாள்.

"ஓம், சொன்னன்தான். மறுகா என்னத்தைச் சொல்ற? பக்கத்தில அந்தக் குடைக்கார மனிசி காதைக் குடுத்துக்கொண்டு இரிக்கா. நீங்க எண்டா, கோயில்ல ஒலிபெருக்கி வச்ச மாதிரிக் கேள்வியை வாசிக்கிறீங்க. ஆவணியில புள்ளைக்குக் கலியாணம், கூரை போடக் காசில்ல, பங்கு விக்கப் போறம் எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தணுமா? நாவூறு பட்டா ஆரு பார்க்கிற?"

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிட்டு வாசலைத் தாண்டும்போது எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டோம், தூரமோ என்றுதான் கேட்போம். நடக்க வேண்டிய நல்ல காரியம் ஒன்றைப் பிறர் காதில் போட்டால், அவர்கள் வாயில் விழுந்து நாவூறு பட்டு அது நடக்காது, அல்லது நடந்தாலும் நன்றாக நடக்காது. ஆகவே கலியாணம் எப்போது என்று கேட்டால் பார்ப்பம் என்போம். வீடு எப்போது முடியும் என்று கேட்டால் அவசரமில்லை என்போம். அவசரமில்லை என்று ஒரு தாய் வாயால் சொன்னால், அவசரம் தலைக்கு மேல் இருக்கிறது என்று கேட்கிற எவருக்கும் விளங்கும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப படியிறங்கி வரக்குள்ள என்னட்டச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொல்லணுமா? உங்களுக்குத் தெரியாதா, ஆவணி எண்டு? பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் வச்சதே நீங்கதானே!"

உண்மை. ஆவணியில் எந்த நாள் என்று பார்த்துக் கொடுத்தவன் நான். அந்தத் திகதியும் இதே கொப்பியில், மாசிச் செவ்வாய்க்கு நான்கு பக்கம் முன்னால் இருக்கிறது.

"மெசினுக்குத்தான் தெரியாது," என்றாள். "அது இந்த ஊர் இல்ல. நீங்க இந்த ஊர்தானே, அண்ணன்?"

நான் கொப்பியை மூடினேன்.

மறுநாள் இருவரும் கந்தோருக்குப் போனோம். அதே அதிகாரி, அதே கழுத்துப்பட்டி.

"எல்லாத்தையும் வாசிக்கும் எண்டீர் தம்பி," என்றேன்.

"சந்தையில உள்ள எல்லாத்தையும் வாசிக்கும் சேர். உங்கட விசயத்தில நீங்க போட்ட பதிலைத்தான் அது எடுக்கும். பதிலைப் போட்டது நீங்கதானே?"

"இந்த வயசில ஒரு மனிசி பங்கு வச்சிக்கொண்டு அவசரமில்ல எண்டு சொன்னா, ஏன் எண்டு திருப்பிக் கேக்காதா?"

"அதுக்கு அந்த வசதி இல்ல சேர்."

தங்கச்சி குறுக்கே விழுந்தாள்: "எங்கட வளவில கல் ஏத்திக்கொண்டு வந்த லொறிக்காரன் கேட்டானே! கல்லைப் பறிச்சு இறக்க முதல், 'அக்கா, எப்ப புது வீட்டுக்குக் குடிபூரல்?' எண்டு கேட்டவன். அவசரமில்ல மனே எண்டன். 'அப்ப அடுத்த மாசம்' எண்டு சொல்லிச் சிரிச்சிட்டுப் போனான். அவனிட்ட என்ன வசதி கிடந்த?"

அதிகாரி நான்காம் கேள்வியைத் திறந்து தந்தார். 'ஆவணிக்கு முன்' என்று தட்டினேன். தட்டிய கையோடு, திங்கட்கிழமைக்குக் காத்திராமல், புதிய சுருக்கம் ஒன்று வந்தது:

"வணக்கம்! உங்கள் குறுகியகாலத் தேவையைக் கருத்தில் கொண்டால், உங்கள் தொகுப்பு முழுவதும் ஒரே பங்கில் இருப்பது பொருத்தமற்ற இடரைக் கொண்டுள்ளது. காலந்தாழ்த்துவது இழப்பை அதிகரிக்கக்கூடும். இது முதலீட்டு ஆலோசனை அல்ல."

பொருத்தமற்ற இடராம். பதின்மூன்று கிழமையாக எந்த வாயால் பொறுமையே பலம் என்றதோ, அதே வாய், அதே வணக்கம், வணக்கத்துக்குப் பின்னால் அதே ஆச்சரியக்குறி. நேற்றுவரை சொன்னது பற்றி ஒரு மூச்சு இல்லை. பதிவறையில் எனக்குக் கீழே இருந்த ஒரு எழுதுவினைஞர் ஒருமுறை இரண்டு உறுதிகளை மாற்றி வைத்துவிட்டார். கண்டுபிடித்தபோது ஒரு கிழமை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தின் கால்வாசியாவது இந்தப் பொருளுக்குள் வைக்கக் கூடாதா? வைத்தால் திங்கட்கிழமைகளில் அது வாய் திறக்காது என்ற பயமாக இருக்கலாம்.

அன்றே விற்றோம். மாசியில் விற்றிருந்தால் சுவர் முடிந்து முழுக் கூரையும் போட்டிருக்கலாம். வைகாசியில் வந்த காசு சுவருக்கும் பின்பக்க இரண்டு அறைகளின் கூரைக்கும் போதுமாக இருந்தது. விறாந்தையும் ஹோலும் வானத்தைப் பார்த்தபடி நின்றன. தங்கச்சி விற்கலாமா என்று தன் காப்பைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள். கலியாணத்தன்று பிள்ளைக்குப் போட அது ஒன்றுதான் இருந்தது.

நான் தரகர் கொம்பனியின் தலைமைக் கந்தோருக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம், இணைப்பாகப் பதின்மூன்று சுருக்கங்களும். பதில் மின்னஞ்சலில் வந்தது. என் கருத்து அவர்களுக்கு மதிப்புமிக்கதாம். என் பொறுமைக்கு நன்றியாம்.

ஆனி மாதம், மூன்றாம் ஞாயிறு, பின்னேரம் நாலரைக்கு மாப்பிள்ளையின் தாயும் அவரின் மூத்த மகளும் வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பிஸ்கட். முன்வீட்டு விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். பின்வளவைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தங்கச்சி அவர்களை வாசல் பக்கம் முகம் வைத்து இருத்தியிருந்தாள். மாப்பிள்ளையின் தாய் கைகழுவ வேண்டும் என்று எழும்பினார். கிணறு பின்வளவில்.

திரும்பி வந்து இருந்தவர், கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை, சடங்குக்கு வந்த கூட்டம், மகளின் பிள்ளைகள் என்று சுற்றிவிட்டு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்:

"நீங்க ஒண்டுக்கும் அந்தரப்படாதீங்க. உங்களுக்கும் ஒரு அவசரமும் இல்லையாம் எண்டு கேள்விப்பட்டம். எங்களுக்கும் இல்ல. ஆவணியை விட்டுப்போட்டுத் தையில வைப்பமே."

தங்கச்சி தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். "ஆரு சொன்ன, மச்சாள்?"

"ஆரோ சொன்ன. எங்கட ஆக்கள்தான். எப்பவோ."

"ஓம் ஓம், அவசரம் என்ன," என்று சொல்லித் தங்கச்சி சிரித்தாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அவர்கள் போன பிறகு அவள் விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அண்ணன், இது நல்லதா, கெட்டதா? கூரையைப் பார்த்துப்போட்டு இரக்கத்தில சொன்னாவா? இல்ல, நாங்க பின்னடிக்கிறம் எண்டு நினைச்சு அவங்க பின்னடிக்கிறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய் சொன்னதை எப்படி விளங்கிக்கொள்வது என்று சொல்ல ஒரு மெசின் இருந்தால் அதையும் வாங்கியிருப்போம் போலிருந்தது. என் மருமகள், தங்கச்சியின் இளையவள், உள்ளே மாப்பிள்ளையோடு கைபேசியில் பேசிவிட்டு வந்தாள்.

"அவருக்குத் தை சரியாம் மாமா. எனக்கும் சரி. நீங்க ரெண்டுபேரும் இருந்து ஆராய்ச்சி பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியைப் பிரித்துக்கொண்டு போனாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. தாயின் முகத்தில் அவளுக்கும் சேர்த்து இருந்தது.

"ஆர் சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் தங்கச்சி. "அந்தக் குடைக்கார மனிசி. அவ மாப்பிள்ளைட தாய்க்கு ஒண்டுவிட்ட தங்கச்சி முறை. கலியாணப் பேச்சுக்கு வந்தண்டு பின்வரிசையில இருந்தவ."

"அண்டைக்குக் கந்தோரில ஏன் சொல்லல்ல?"

"அண்டைக்கு முகம் பிடிபடல்ல. இப்பதான் பிடிபடுது."

அப்படியென்றால் நாவூறுக்குப் பயந்து சொன்ன அந்த ஒரு வசனம் இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறது. மெசின் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பிப் பதின்மூன்று கிழமை எங்களுக்கே திருப்பி ஓதியது. அந்தப் பெண் அதை எப்படி எடுத்துக்கொண்டார், எந்தத் தொனியில் சம்பந்தி வீட்டில் சொன்னார் என்பதில்தான் இப்போது என் மருமகளின் தை மாதம் தொங்குகிறது. மெசின் என்ன நினைத்தது என்பதைத் திகதிவாரியாக என்னால் காட்ட முடியும். அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

தைக்கும் இன்றைக்கும் நடுவில் மாரிக்காலம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால், முகத்துவாரம் வெட்டுகிற அளவுக்குத் தண்ணீர் வந்தால், கூரையில்லாத ஹோலின் சுவர் என்னவாகும் என்று மேசன் விரலை மடக்கிச் சொல்லிவிட்டுப் போனார். என் ஓய்வூதியத்தில் கடன் எடுத்து ஐப்பசிக்கு முதல் ஹோலுக்குக் கூரை போட்டுவிடுவது என்று முடிவு. விண்ணப்பப் படிவத்தில் 'பணம் எப்போது தேவை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் திகதி எழுதினேன். தங்கச்சி பக்கத்தில் நின்று, நான் எழுதுவதை வேறு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

கறுப்புக் குடையோடு இருந்த பெண் யார் என்பதை விசாரித்தேன். கந்தோரில் வந்துபோகிறவர்களின் பேர் எழுதும் வழக்கம் இல்லை. கீழே புடவைக்கடையில் யாருக்கும் நினைவில்லை. சம்பந்தி வீட்டில் கேட்க முடியாது, கேட்டால் அவசரம் என்று ஆகிவிடும். என் குறிப்பில் அவர் வந்த நேரம் இல்லை, போன நேரம் மட்டும் இருக்கிறது: 10.05. நான்காம் கேள்வியை நான் வாசித்தபோது மணி என்ன என்றும் எழுதவில்லை. அவர் மாப்பிள்ளையின் தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்பது தங்கச்சி சொன்னது. இதை எழுதும் இன்றுவரை அது உறுதிப்படுத்தப்படவில்லை.